மூன்றாவது கொப்பியின் கடைசிப் பக்கம்

உப்புவெளி,
திருகோணமலை.
14.09.2025

அன்பு மகள் அனுஷியாவுக்கு,

அப்பா எழுதுவது. கோணேசர் கிருபையால் நானும் அம்மாவும் எழும்பி நடமாடுகிறோம், குளிசைகளை மறக்காமல் விழுங்குகிறோம். நீயும் ஜேர்மனிக் குளிரில் நேரத்துக்குச் சமைத்துச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே போகாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பாவுக்கு ஏன் இந்தக் கடித வேலை என்று நீ சிரிக்கலாம். போனில் கதைக்கும்போது அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். இதை அவர் காதுபடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றுதான் போன கிழமை பேனையை எடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் நிலைமை மாறிவிட்டது, அதையும் சொல்கிறேன். முதலில் வீட்டுச் செய்தி. உன் சின்னம்மாவின் மகள் கீர்த்தனிக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். அம்மா முழங்கால் வலியோடும் போய்ப் பத்தியக் கறி சமைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். கடலில் இந்தக் கிழமை சூடை மீனைத் தவிர வேறொன்றும் படவில்லையாம். படலைக்குப் புதுப் பூட்டுப் போடுவோம் என்று இந்த வருஷமும் கேட்டேன், ஏலாது என்று அம்மா இந்த வருஷமும் சொன்னார். உன் அண்ணாவின் கையில் இருப்பது பழைய பூட்டின் திறப்பு அல்லவா. அந்தப் பூட்டு துருப்பிடித்து இறுகி இரண்டு வருஷம் ஆகிறது, பூட்டவும் ஏலாது திறக்கவும் ஏலாது, சும்மா தொங்குகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நடக்கும் உங்கள் பெரிய கூட்டத்தில் நீ பேசும்போது முதல் படமாக அண்ணாவின் போத்தலைக் காட்டப் போவதாகச் சொன்னாய். உயிர் இன்னோர் உயிரிலிருந்துதான் வரும் என்று பதினேழு வருஷமாக ஒரு வீட்டு அலுமாரிக்குள் இருந்து காட்டிக்கொண்டிருக்கிற போத்தல் இது, அப்படியென்றால் முதன்முதலில் உயிர் எப்படி வந்தது, அதுதான் என் கேள்வி என்று பேச்சைத் தொடங்குவேன் என்றாய். உன் வேலையை நான் என் அறிவுக்கு எட்டியமட்டும் விளங்கிக்கொண்டிருக்கிறேன். உப்புத்தண்ணீரையும் களிமண்ணையும் சூடாக்கி, காயவிட்டு, திரும்ப நனைத்து, உயிரில்லாத துணுக்குகள் தாமாகக் கோர்த்துச் சங்கிலியாகின்றனவா என்று பார்க்கிறாய். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சின்ன வயதில் போனபோது, இந்தச் சுடுதண்ணிக்குள் யார் இருக்கினம் என்று கேட்டவள் நீ. போத்தலின் படத்தையும், அதைப் பற்றித் தினமும் எழுதிவருகிற எட்டுக் கொப்பிகளையும் பக்கம் விடாமல் ஸ்கான் பண்ணி அனுப்பச் சொன்னாய். மகள், அந்தப் படத்தை நீ காட்டக்கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது, பாதி மறந்திருக்கும். 2008 தை மாதம், அண்ணா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். பாடப் புத்தகத்தில் இருக்கிற அன்னக்கழுத்துக் குடுவைச் சோதனையைத் தானே செய்து பார்க்க வேண்டும் என்று என்னை ஒரு கிழமையாக அரித்தெடுத்தான். அம்மா பாரை மீன் தலையை அவித்து, வெள்ளைத் துணியில் நாலு தரம் வடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆய்வுகூடத்தில் அவன் குடுவையைப் பிடிக்க, நான் கழுத்தைச் சுவாலையில் காய்ச்சி இழுத்து வளைத்தேன். ஆய்வுகூட உதவியாளனாக இருபது வருஷம் இருந்தும் அன்று விரலைச் சுட்டுக்கொண்டு கத்தினேன். அவன் சிரித்த சிரிப்பில் குடுவை ஆடி, கழுத்தில் ஒரு நெளிவு விழுந்துவிட்டது. அதோடேயே விட்டோம். பிறகு உள்ளே இருந்ததைக் கொதிக்க வைத்தோம். காற்றுப் போகலாம், ஆனால் தூசியும் கிருமியும் அந்த வளைவில் தங்கிவிடும், தண்ணீர் பழுதாகாது. கழுத்து வளைக்காத மற்றக் குடுவை மூன்றாம் நாள் கலங்கி நாறியது. வீட்டு அலுமாரியில் கொண்டுவந்து வைத்த இந்தப் போத்தல் தெளிவாகவே இருந்தது. திகதியைத் தன் கையால் எழுதி ஒட்டினான், கொப்பியில் தினமும் ஒரு வரி, தெளிவு, தெளிவு, தெளிவு. பதினோரு வரி எழுதினான். மாசி ஒன்பதாம் திகதி பின்னேரம் ரியூசனுக்கென்று சைக்கிளில் போனவன்தான். பிள்ளையும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. எங்கெங்கே போய்க் கேட்டோம், எத்தனை படிவம் நிரப்பினோம் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்தது, திரும்ப எழுத எனக்கு மனம் இல்லை.

பன்னிரண்டாவது வரியை நான் எழுதினேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஒருநாள் விடிய, விளக்கேற்ற முன் அம்மா அலுமாரியைத் திறந்து போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது தெளிவா இருக்குமட்டும் பிள்ளை எங்கேயோ இருக்கிறான். கலங்கினா, நான் ஒத்துக்கொள்ளுறன்" என்று சொன்னார். ஒன்றைச் சொன்னால் அது பிழை என்று எதைக் கண்டு ஒத்துக்கொள்வாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் விஞ்ஞானம் என்று அண்ணா உனக்குப் பாடம் எடுப்பதை அவர் குசினிக்குள் இருந்து கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்போடு நின்ற மனுசி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கும் போத்தலுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அது தேவையாக இருந்தது.

2013 ஆடியில் அலுமாரிக்குப் பின்னால் கறையான் பிடித்திருந்தது. அம்மா கிணற்றடியில் நின்ற நேரம் நான் அலுமாரியை இழுக்கப் போத்தலை வெளியே எடுத்தேன். எடுக்கும்போது சரித்துவிட்டேன். உள்ளே இருந்த தண்ணீர் கழுத்து வளைவுவரை ஓடி, அங்கே ஐந்து வருஷமாகத் தங்கிக்கிடந்த தூசியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஒரு கணம்தான். என்ன நடந்தது என்று இந்த ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். வாய் திறக்காமல் திரும்ப வைத்துவிட்டு, ஏற்கெனவே ஒத்துக்கொண்ட வேலைக்கு மூதூருக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் ஒழுங்குபடுத்த மூன்று நாள். அந்த மூன்று நாளும் கொப்பியில் எழுதுவது அம்மாவின் பொறுப்பு. வெள்ளி விடிய வந்து இறங்கினேன். அம்மா சல்லி அம்மன் கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றார், அன்னதானம் முடிந்துதான் வருவன், பின்னேரமாகும் என்றார். மேசையில் புதுக் கொப்பி இருந்தது, பழையது முடிஞ்சுது என்றார். அவர் போனதும் அலுமாரியைத் திறந்தேன். கலங்கியிருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. அம்மா விடியப்புற இருட்டில் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகள், நான் போத்தலைத் துவாயில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குப் போனேன். வேறொரு குடுவை எடுத்தேன். கடையில் விற்கிற சூப் கட்டியைக் கரைத்து வடித்தேன், கழுத்தை இழுத்து வளைத்தேன், கொதிக்க வைத்தேன். அண்ணாவின் கையெழுத்தை ஈரப்படுத்தி உரித்துப் புதியதில் ஒட்டினேன். பழைய குடுவையின் கழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததைத் தொட்டியில் ஊற்றினேன். அம்மா அவித்து, பிள்ளை காய்ச்சியதை நானே ஊற்றினேன். குழாயைத் திறந்துவிட்டு அது போய் முடியுமட்டும் நின்றேன். அந்தச் சத்தம் இப்போதும் குசினியில் யாராவது தண்ணீர் திறந்தால் எனக்குக் கேட்கிறது. வீட்டுக்கு வந்து நாலாவது கொப்பியின் முதல் வரியில் தெளிவு என்று எழுதினேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் எழுதினேன். ஒரு வரியும் பொய் இல்லை, போத்தல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒட்டியிருக்கிற திகதிதான் பொய்.

அதற்குப் பிறகு எனக்கு இந்த வீட்டில் நிம்மதி இல்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் அம்மா நிமிர்ந்து படலையைப் பார்ப்பார். நான் அலுமாரியைப் பார்ப்பேன். அவன் உள்ளே வந்து, அலுமாரியைத் திறந்து, இது என்னுடையது இல்லை, கழுத்தில் நெளிவு எங்கே அப்பா என்று கேட்பதாகக் கனவு காண்பேன். பிள்ளை வந்துவிட்டானே என்ற சந்தோஷத்தைவிட அந்தக் கனவில் பயம்தான் எனக்கு முதலில் வரும். என்னைப் போல ஒரு தகப்பன் இருப்பானா என்று நினைத்து அழுதிருக்கிறேன். உன் ஆராய்ச்சியில் எல்லாவற்றையும் போட்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்ட ஒரு சோதனைக் குழாய் எப்போதும் பக்கத்தில் நிற்கும் என்றாய், அதை வைத்துத்தான் மற்றதை நம்பலாம் என்றாய். எங்கள் வீடே அந்தக் குழாய்தான் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அதிலும் நான் கை வைத்துவிட்டேன்.

இவ்வளவும் போன ஞாயிறு வரை எழுதியது. நீ கேட்ட ஸ்கானுக்காக எழுதி முடிந்த ஏழு கொப்பிகளை ஏற்கெனவே கிண்ணியாவில் அண்ணாவின் சிநேகிதன் றிகாஸின் போட்டோக் கொப்பிக் கடையில் கொடுத்திருந்தேன். ஒரே ரியூசனில் படித்த பிள்ளை, இன்றைக்கும் பெருநாளுக்கு வட்டிலாப்பத்தோடு வருவான். செவ்வாய்க்கிழமை போன் எடுத்தான். "அங்கிள், மூண்டாவது கொப்பியின்ட கடைசிப் பக்கம் பென்சில்ல கிடக்கு, மெசின்ல விழுகுதில்ல, நான் மேலால எழுதட்டா" என்று கேட்டான். எழுத வேண்டாம், நான் வாறன் என்று சொல்லி, அடுத்த பஸ்ஸில் போனேன். மூன்றாவது கொப்பியை நான் மூதூருக்குப் போன நாளுக்குப் பிறகு திறந்ததே இல்லை. கடைசிப் பக்கத்தில் மூன்று வரி, அம்மாவின் எழுத்து. முதல் நாள், தெளிவு. இரண்டாம் நாள், கொஞ்சம் கலக்கம். மூன்றாம் நாள், கலங்கிற்று, ஆடை கட்டியிருக்கு. கடையில் சனம் நின்றது. றிகாஸ் என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி வாங்கித் தந்தான்.

எங்கள் குடும்பத்தில் ஆராய்ச்சிக்காரி யார் என்று இப்போது சொல், மகள். தன் பிள்ளையைப் பற்றித் தானே வைத்த சோதனையில், வந்த விடையை ஒளிக்காமல் எழுதிவிட்டு, கொப்பியை மூடி அடுக்கிவிட்டு, புதுக் கொப்பியை எனக்கு எடுத்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார். பின்னேரம் திரும்பிவந்து போத்தலைப் பார்த்தபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தெளிவாக் கிடக்கு என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் விடிய அதையே சொல்கிறார்.

நேற்றுப் பின்னேரம் கொப்பியை அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். குறடும் அரமும் கிடக்கிற என் பழைய ஆயுதப் பெட்டியில் சீலைக்குள் சுற்றி ஒளித்திருந்த கழுத்துத் துண்டையும் எடுத்து வைத்தேன். அம்மா அந்த நெளிவை விரலால் தடவினார். கலங்கினதைக் கண்டும் ஏன் என்னிடம் கேட்கேல்ல என்றேன். "நான் வடிச்ச தண்ணியின்ட நிறம் எனக்குத் தெரியாதே? நீங்கள் எங்கேயோ போய் என்னவோ காய்ச்சிக்கொண்டு வந்து வைச்சிருந்தீங்கள். அதைக் குழப்ப எனக்கு மனம் வரேல்ல" என்றார். அப்போ பிள்ளை இல்லையென்று அன்றைக்கே ஒத்துக்கொண்டீரோ என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் பதினேழு வருஷமாகக் கேட்டதில்லை. அம்மா கழுத்துத் துண்டைத் திரும்பச் சீலைக்குள் சுற்றினார். பிறகு, "உயிரில்லாததில இருந்து உயிர் வந்ததெண்டு அனு சொல்லுறவள்தானே, அது எத்தினை தரம் நடந்ததாம்?" என்று கேட்டார். தெரிந்தமட்டில் ஒருக்காத்தான் என்று சொன்னேன். "ஒருக்கா நடந்தாப் போதும்தானே" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்த சோற்றைப் பார்க்க எழும்பிப் போய்விட்டார்.

 அதற்கு விடை உனக்குத் தெரிந்தால் அம்மாவுக்குச் சொல். கூட்டத்தில் போத்தலைக் காட்டாதே. காட்டத்தான் வேண்டுமென்றால் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டு, பென்சில் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, றிகாஸ் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் போனிலேயே படம் எடுத்துத் தந்திருக்கிறான். தகப்பன் செய்த பிழை என்று சொல், எனக்கு வெட்கம் இல்லை. கழுத்துத் துண்டை உனக்காக வைத்திருக்கிறேன், நீ வந்து கையில் வாங்கிக்கொள். அதன் வளைவில் இருக்கிற தூசியில் அண்ணா இந்த வீட்டில் மூச்சுவிட்ட பதினோரு நாளின் தூசியும் கிடக்கிறது. இன்று விடிய நான் எழும்பமுன் அம்மா எட்டாவது கொப்பியில் எழுதிவிட்டார். பேனையால்: 14.09.2025, தெளிவு, இது இவர் காய்ச்சியது.

அம்மனும் கோணேசரும் உனக்குத் துணை நிற்கட்டும், உன் குழாய்களில் நீ தேடுவது கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுது. இரும்புச்சத்துக் குளிசையை விடாதே. தையில் வருவேன் என்றாய், எந்த நேரம் வந்து இறங்கினாலும் வெளியே நின்று கூப்பிட வேண்டாம். படலை சும்மா சாத்தித்தான் இருக்கும், தள்ளிக்கொண்டு வா. சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் கேட்கப்பண்ணாதே, அம்மாவின் நெஞ்சு தாங்காது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
க. கதிரவேல்