கயிறு பிடித்தவன்

ஓல்டன்
சுவிற்சர்லாந்து
19.01.2025

அன்புள்ள அண்ணா,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். பொங்கலன்று நீ தள்ளியதில் மேசை விளிம்பு பட்டு அப்பாவின் உதடு கிழிந்தது, தையல் போட்டார்கள். உன் மலையேற்றப் பனிக்கோடரியை முதலில் ஓங்கியவர் அவர்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். “ரெண்டும் மிருகங்கள்” என்றார்.

நீ விட்டுப்போன ஏறுகயிற்றை அப்பா இறைச்சிக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டினார். “மலையில சாகிறதுக்கோ இவனைப் பெத்தனான்?” என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கேட்டார். கோயில் திருவிழாக் காவடியில் அவர் முதுகில் குத்தும் செடில் முட்களின் கயிறுகளை இனி நீ பின்னால் நின்று பிடிக்கத் தேவையில்லையாம், விதுஷன் மச்சான் பிடிப்பாராம். “அவன் என்ர பிள்ளை இல்லை” என்கிறார். மச்சான் மேளத்துக்கு ஆடுவாரே தவிர கயிற்றைக் கவனிக்கமாட்டார். அப்பாவோடு ஒருமுறை கதை அண்ணா.

நீ ஏறுகிற இடத்தைப் பற்றி நூலகத்தில் வாசித்தேன். மலையில் பனியாறு குடைந்த கிண்ணம் போன்ற பள்ளமாம்; மூன்று பக்கச் சுவர்களின் பனியும் உள்ளேதான் விழுமாம். கவனம்.

உன்னை நினைத்தபடி,
சிவானுஜா

எங்கடின் பள்ளத்தாக்கு
03.02.2025

அன்பான சிவானுஜா,

நீ வாசித்தது சரி. சனிக்கிழமை அந்தக் கிண்ணத்தின் சுவரில் நான் மேலே ஏற, என்னோடு ஹோட்டல் குசினியில் வேலை செய்யும் ரேட்டோ கீழே நின்று என் கயிற்றைப் பிடித்திருந்தான். உச்சி விளிம்புப் பனி உடைந்தது. லொறி மோதியதுபோல் இருந்தது. பல் உடைந்தது, ஒரு தோள் கழன்றது, தலைகீழாகப் பாறையில் அடிபட்டு அடிபட்டு விழுந்தேன். பிறகு கயிறு இறுகியது.

கீழே ரேட்டோ இடுப்புவரை புதைந்திருந்தான். கயிற்றை நிறுத்தும் கருவி நொறுங்கிப்போக, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். கையுறையும் உரிந்து, தோலும் உரிந்து, பனி சிவந்திருந்தது. “ஆடாதே, கழுதை” என்று என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான். விடவில்லை.

இருவரும் ஆஸ்பத்திரியில். அப்பாவிடம் சொல்லாதே. சிரிப்பார்.

அண்ணா
அபிசன்

ஓல்டன்
06.02.2025

அன்புள்ள அண்ணா,

சொல்லாதே என்றாய், நான் வாசித்தே காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்தார். அம்மா துண்டுகளைப் பொறுக்கி முடிய, அப்பா என்னிடம் கேட்டார்.

“அந்தப் பெடியன் விடேல்லையோ?”

“இல்லை அப்பா.”

“தோல் உரிஞ்சுமோ?”

“ஓம்.”

அலுமாரியைத் திறந்து ஒரு சரிகை வேட்டியை எடுத்தார். காவடி இறக்கியதும் கயிறு பிடித்தவருக்கு அவர் கொடுக்கிற வகை. சனிக்கிழமை விடிய, முதலாவது ரயிலில் அங்கே வருகிறார். உன்னைப் பார்க்க இல்லையாம், ரேட்டோவுக்குக் கொடுக்கவாம்.

“அவருக்குக் கட்டத் தெரியாதே, கையிலும் காயம்” என்றேன்.

அப்பா பயணத்துக்குப் போடும் சப்பாத்தைத் துடைத்தபடி சொன்னார்: “உன்ர அண்ணனுக்கு ஒரு கை நல்லாத்தானே இருக்கு. அவன் கட்டிவிடட்டும்.”

தங்கை
சிவானுஜா