மரியாதை என்று நினைத்திருந்தேன்

இராயபுரம்,
கர வருஷம், ஆனி மாதம்.

பிரியமுள்ள குணசுந்தரிக்கு கோதண்டம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். பழவேற்காட்டுத் தண்ணீர் குழந்தைக்கு ஒத்துக்கொள்கிறதா? காய்ச்சிக் கொடு.

தங்கை கல்யாணம் முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாய். இப்போது, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்று எழுதவில்லை. போன வாரம் உன் அண்ணன் தாமோதரன் மீன் விற்க இங்கே வந்தாராம். நம் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் யாரிடம் பேசினார், என்ன கேட்டார், எனக்குத் தெரியாது. ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்யலாமா என்று துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எத்திராஜ் வீட்டில் ரகசியமாகக் கூடினார்கள். எத்திராஜ் என்னையும் கூப்பிட்டிருந்தான். மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போலீஸ் வந்து எத்திராஜைக் கொண்டுபோய்விட்டது. யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ நான்தானாம்.

குழாயடியில் ஆவுடையம்மாள் என் காதுபடவே சொன்னாள்: "கிரேன் மேல குந்திகினு அல்லாரையும் நோட்டம் பாக்குறவன்தானே? அன்னிக்கும் ஒரு வார்த்தை பேசலியாம். அத்தினியும் காதுல வாங்கிகினு போயிருக்கான்."

நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பெஞ்சிலிருந்து எழுந்து இடம் விடுவார்கள். கிரேன் ஓட்டுகிறவன், குடிக்காதவன், வம்புக்குப் போகாதவன் என்று எனக்குக் கொடுக்கிற மரியாதை அது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். உன்னிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது பயமாம், குணா. துறைமுக மேஸ்திரியின் ஆள் என்றே என்னை முதலிலிருந்து நினைத்திருக்கிறார்கள்.

சும்மா இருக்க மனம் வரவில்லை. வக்கீலைப் பிடித்து, நானே ஜாமீன் கையெழுத்துப் போட்டு எத்திராஜை வெளியே கொண்டுவந்தேன். அதற்கும் பேச்சு. இவன் சொன்னால் போலீஸ்காரன் விட்டுவிடுகிறானே என்கிறார்கள். எத்திராஜ் என்னோடு ரிக்‌ஷாவில் வந்தான். வீட்டு வாசலில் இறங்கியதும், "அண்ணாத்தே, மெய்யா சொல்லு, நீதானா?" என்று கேட்டான். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நம்பினானா, தெரியவில்லை.

இப்போது அந்தச் சந்தேக வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. மேஸ்திரி சிரித்தால், இவனுக்கு வேவு சொல்கிறவன் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். ஆவுடையம்மாள் எதை மறைக்க இவ்வளவு சத்தம் போடுகிறாள் என்று தோன்றுகிறது. சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் முகத்தையே உற்றுப் பார்க்கிறேன். பேசாத முகம். அந்நியனாக இருந்தால் நானும் இவனை நம்பியிருக்கமாட்டேனோ என்னவோ.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணச் சாப்பாடு, குழந்தையின் இருமல், மழை எல்லாம் எழுதியிருக்கிறாய். எத்திராஜ் பேரை மட்டும் எழுதவில்லை. அவன் கைதான செய்தி எண்ணூர் தாண்டி அங்கே எட்டாமலா இருக்கும்?

அம்மன் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். எத்திராஜாவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். நீயும் கேள். கோபமாகக் கேட்டாலும் சரி, உன் அண்ணன் எதிரில் நிற்கவைத்துக் கேட்டாலும் சரி, மறு படகிலேயே வந்து பதில் சொல்கிறேன். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
கோதண்டம்