சாம்பல் நிறத்தில் இரண்டு காளான்கள்

அக்டோபர் 2
மழலையர் பள்ளியின் பிர்ச் மரத்துக்கு இந்த ஆண்டும் 'ஆபத்தில்லை' என்று எழுதினேன். அடிமரத்தில் தட்டுப் போல நீட்டிக்கொண்டிருப்பது குளம்புக் காளான். ஜப்பானின் வடக்கே, இந்த ஹொக்கைடோவில், பிர்ச் மரத்தில் வேறென்ன வரும்?

அதே மரத்தில் கிளை கழிக்க ஏறியிருந்த கூதோ, கயிற்றில் தொங்கியபடியே கேட்டார்: "டாக்டரம்மா, பிர்ச்ல இருந்தா குளம்புதானா? சாப்பாட்டுக் கடையில நிக்கிறவன் எல்லாம் சமையல்காரனா?" மர மருத்துவர் உரிமம் வாங்கிய நாளிலிருந்து எனக்கு இந்தப் பெயர்.

இருபது வருஷமா பாக்குறேன். எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 3
சோபா நூடுல்ஸ் சாப்பிடும்போதும் அதே நினைவு. செவ்விளிம்புக் காளானும் முதிர்ந்தால் சிவப்பு மங்கி இதே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். ஆனால் குளம்பு மரத்தை வெளுத்து நாராக்கும்; மரம் வளையும், முனகும், கொஞ்சம் அவகாசம் தரும். செவ்விளிம்பு உள்ளே பழுப்பாக்கி நொறுக்கிவிடும். திடீரென்று ஒடியும்.

அந்த மரத்தின் கீழே முப்பத்தொரு பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அக்டோபர் 4
பள்ளி விடுமுறை. கூதோவையும் அழைத்துக்கொண்டு போனேன். சோதனை ஒரு நிமிட வேலை: தீக்குச்சி காட்டினால் குளம்பின் தோல் கருகும், செவ்விளிம்பின் தோல் உருகும். போன ஆண்டு ஏன் செய்யவில்லை? தெரியும் என்று நினைத்ததால்.

இரண்டு குச்சிகள் காற்றில் அணைந்தன. மூன்றாவதற்குக் கூதோ தொப்பியை மறைப்பாகப் பிடித்தார். தோல் பளபளத்து, கொப்பளித்து, உருகியது.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "தலைமையாசிரியைக்கு நான் போன் பண்ணட்டுமா?"

"நானே பண்றேன்."

தலைமையாசிரியை மோரிவாகி அம்மாவிடம் போனில் சொன்னேன்: "தப்பா எழுதிட்டேன். ரெண்டு வருஷமா." எப்போது வெட்டலாம் என்று கேட்டார். பிறகு, "திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைங்களைப் பின்பக்கம் விட்டுடறேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

அழுதேன்.

அக்டோபர் 6
கயிறு கட்டி மறித்தாயிற்று.

அக்டோபர் 9
வெட்டினோம். நான்கு விரல் அகலம்தான் நல்ல மரம். உள்ளே பழுப்புக் கட்டிகள், தொட்டால் பொடிந்தன. கூதோ ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"போன வாரம் இதுலதான் தொங்கிட்டிருந்தேன். என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க."

தொங்கிக்கொண்டே என்னைக் கேலி செய்தாரே — அதற்கு எப்படி நன்றி சொல்வது? "கூதோ, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். "போதும், ரம்பத்தைப் பிடிங்க" என்றார்.

அக்டோபர் 21
பள்ளியின் மேப்பிள் மரத்தைப் பார்க்கவும் மோரிவாகி அம்மா என்னையேதான் கூப்பிட்டார். அதில் விரல்நுனி அளவு ஒரு காளான், இன்னும் வடிவம் வரவில்லை. 'என்ன இனம் என்று தெரியவில்லை. நவம்பரில் மீண்டும் பார்க்க வேண்டும். அதுவரை யாரும் கீழே போக வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். 'தெரியவில்லை' என்று நான் எழுதிய முதல் அறிக்கை.

அவர் படித்து, மடித்து, உறையில் வைத்தார். "நவம்பர்ல வரும்போது அரிசி மாவு மொச்சி சுட்டு வைக்கிறேன். கூதோவையும் கூட்டிட்டு வாங்க."