புடவை கொடுத்தவர் வந்துவிட்டார், ஐயா

என்னைப் பெற்று வளர்த்த என் ஐயாவுக்கு,

நேற்று அவர் வந்துவிட்டார். வேறு எதையும் எழுத முன் அதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும். படலையைத் திறந்த அம்மாவுக்கு ஆளை மட்டுப்பிடிக்க முடியவில்லை. மேடையில் பெண் வேஷம் கட்டி யாழ்ப்பாணத்தையே அழவைத்த முகத்தில் இப்போது மீசை. குரலும் தடித்துவிட்டது. "ஐயா இருக்காருங்களா?" என்று கேட்டார். ஆடி மாதம் நீங்கள் கண்ணை மூடியது அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

அந்த இந்திய நாடகக் கம்பெனி யாழ்ப்பாணம் வந்து, இங்கே நம் திருநெல்வேலியில் எங்கள் பக்கத்து வளவில் வந்து தங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதினேழு. தேத்தண்ணிக் கடைக் கிராமபோனில் எந்த நேரமும் அவருடைய பாட்டுத்தான். அவர் வண்டியில் போனால் சனம் பின்னால் ஓடும். அப்படிப்பட்டவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க ஊர்ல குடத்தை எந்த இடுப்புலங்க வைப்பாங்க?" என்று என்னிடம் கேட்டால் நான் சிரிக்காமல் என்ன செய்வேன்? அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது.

பிறகு மழையில் கம்பெனிப் பெட்டிகள் நனைந்துபோக, நாடகத்துக்கென்று அம்மாவின் புடவையை இரவல் வாங்கினார்கள். அது மேடை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. பாவி மனுஷன், பதிலுக்குப் புதுப்புடவை வாங்கி வந்தவர் அதை அம்மாவிடம் கொடுத்திருக்கக் கூடாதா? படலையடியில் வைத்து என் கையில் கொடுத்தார். எங்கள் பகுதியில் குமர்ப்பிள்ளையின் கையில் ஒருவன் புடவை கொடுத்தால் அதுவே கலியாணம் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

பின்வளவு மாமி கண்டுவிட்டா. பொழுதுபடமுன் ஊர் முழுக்க, "பெட்டைக்குப் புடவை குடுத்தாச்சாம்!" என்று ஒரே கதை.

நீங்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். "வழக்கம் தெரியாதுங்க. ஆனா தெரிஞ்சிருந்தாலும் குடுத்திருப்பேன்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. நீங்களோ, "தம்பி, வெளிக்கிடும்" என்று மட்டும் சொல்லி, வண்டி கட்டி ஸ்ரேஷனுக்குக் கூட்டிப்போனீர்கள். தனியே திரும்பி வந்து, "உவனை மறந்துபோடு பிள்ளை" என்றீர்கள்.

அன்றைக்கு என் வாய் பூட்டிக்கொண்டது. சோறு போட்டேன், வெந்நீர் வைத்தேன், கடைசிக் காய்ச்சலில் கால் பிடித்தும் விட்டேன். கதைக்க மட்டும் மனம் வரவில்லை. நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே, ஐயா?

நேற்றுத்தான், வண்டிக்குள் நடந்த கதையை அவர் சொன்னார்.

"ரண்டு வருஷம் கழிச்சு வாரும். அப்பவும் உமக்கு இதே எண்ணம் எண்டால் என்ரை பிள்ளை உமக்குத்தான்" என்று சொன்னீர்களாம்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். நீர் வராமல் விட்டால் அவள் என்னைத்தான் திட்டவேணும். தன்னை ஒருத்தன் கைவிட்டிட்டான் எண்டு என்ரை பிள்ளை நினைக்கக் கூடாது."

அதைக் கேட்டு நான் குசினிக்குள் போய் வாய்விட்டு அழுதேன். இத்தனை நாளும் என்னுடைய கோபத்தையும் சோற்றோடு சேர்த்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்களே! அவர் வராமலே விட்டிருந்தால் நான் சாகும்வரை உங்களைத்தானே வைதுகொண்டிருப்பேன்? அதற்கும் சம்மதித்துத்தானா இருந்தீர்கள்?

தையில் கலியாணம். கூத்தாடிக்குப் பெண் கொடுப்பதா என்று முறுக்கிக்கொண்டிருந்த சித்தப்பாவும் உங்கள் சொல்லைக் கேட்டபின் அடங்கிவிட்டார்.

ஐயா, கதைக்காமல் விட்ட கதை எனக்குள் நிறைய இருக்கிறது. இனி ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும்போது உங்களோடு கதைப்பேன். நீங்கள் மறுமொழி சொல்லாவிட்டாலும் கோபிக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்களை மனதுக்குள் வைதுவைதே பிழைத்திருந்த,
உங்கள் மகள்
பாக்கியம்