அப்பா தேடிய ஆணி

நவம்பர் 14, வெள்ளி

எங்கள் பழைய காரின் கதவுக்கு என்னைவிட வாய் அதிகம். திறந்தால் கிரீச்சென்று லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும். ஆனாலும் திறந்த இடத்தில் நிற்கும், கீல் பக்கத்தில் ஒரு பட்டை பிடித்துக்கொள்வதால். அந்தப் பட்டையின் ஆணியைக் காலையில் நான்தான் கழற்றினேன். கார் மேட்டைப் பார்த்து நிற்கிறது. அண்ணன் இறங்கும்போது கதவு தானாக வந்து முதுகில் தட்டும், சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு முன்னால் அம்மா காரிடம் போய்விட்டார். முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கக் கதவு நிலையைப் பிடித்தார். கதவு வந்து அடித்தது. இரண்டு விரல் உடைந்துவிட்டது.

கிளினிக்கிலிருந்து வந்ததும் அப்பா, "என் தப்புலா. கதவை நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்னே விட்டுட்டேன்," என்றார். மழையிலேயே காருக்கு அடியில் படுத்து ஆணியைத் தேடினார்.

"நீயும் தேடுடா."

தேடினேன். ஆணி என் பாக்கெட்டில் குத்திக்கொண்டிருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஆணியைப் புல்லில் போட்டுவிட்டு, "அப்பா, இங்க கிடக்கு," என்றேன்.

அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். "பாரு, தேஞ்சு விழுந்திருக்கு. பையன்தான் கண்டுபிடிச்சான்."

அம்மா கட்டுப் போடாத கையால் என் தலையைத் தடவினார்.

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு தப்புதான். இப்போது இரண்டு. அப்பா கீலுக்குக் கிரீஸும் போட்டுவிட்டார், கதவு சத்தமே போடவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா முனகுகிறார். அப்பா மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறார்.