விரலுக்குப் போட்ட மருந்து

சிட்டு,

இன்று காலை குழாயைத் திறந்தால் பிளீச்சிங் பவுடர் வாசனை. தெருத் தொட்டியைக் கழுவியிருப்பார்கள் போல. குடத்தை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். கடலூர் முதுநகரில் நம் எறா உரிக்கிற ஷெட் வாசலில், அந்த மருந்துத் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு நீயும் நானும் நின்றது கண்ணுக்குள் வந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், தப்பு இருக்கும். நீ இருந்தபோதே படித்தவளில்லை. பஸ் போர்டைக்கூட நான்தான் உனக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

நான் சிதம்பரத்தில் கம்பெனி வேனில் ஏறுவேன், நீ புதுச்சத்திரத்தில் ஏறுவாய். நீ உட்கார்ந்தால் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால்தான் சிட்டு என்று பெயர் வைத்தேன். "ஏண்டி, நான் ஒக்கார எந்தக் கிளைடி தாங்கும்?" என்று நீ கேட்டதில் வேனே சிரித்தது. அப்புறம் எல்லோருக்கும் நீ சிட்டுதான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. உன் வீட்டுக்காரரின் படகு போய், ஐரோப்பாவிலிருந்து வந்த உதவியில் புதுப் படகு கிடைத்திருந்தது. நாம் உரிக்கிற எறாவும் அங்கேதான் போகிறது என்று சூப்பர்வைசர் சொன்னார். "அவுங்க படகு குடுக்கறாங்க, நாம எறா குடுக்கறோம். சம்பந்தி வூடு மாதிரி ஆயிடுச்சி" என்றாய்.

என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தார். நான் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஐஸில் ஊறி விரல் வெந்த மாதிரி ஆகிவிடும். அதில் எறாவின் தலைமுள் குத்தினால் ஓட்டைதான். கையுறை போட்டால் ஓடு உரிய வராது, கழற்றி இடுப்பில் செருகிவிடுவோம். கையில் புண் இருந்தால் ஆறுகிற வரை வேலைக்கு வரக் கூடாது என்பது சட்டம். எனக்கு இரண்டு விரல் சீழ் வைத்துவிட்டது. வேனில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன்.

நீ மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேப்சூல் அட்டை வாங்கி வந்தாய். நம் ஊரில் யாருக்குப் புண் வந்தாலும் செய்கிறதுதானே. ஒன்றைப் பிய்த்து, உள்ளே இருக்கிற தூளை என் விரல் ஓட்டையில் கொட்டி, ஊதி, "ரெண்டு நாள்ல காஞ்சிடும். கத்தாத, நாளைக்கு உனுக்கு வேல இருக்கு" என்றாய். தினமும் காலையில் வேனில் இது நடந்தது. உன் விரலிலும் குத்தல் இருந்தது, கொஞ்சம் உனக்கும் தடவிக்கொண்டாய்.

சில மாதம் போனது. ஒருநாள் ஐரோப்பாவுக்குப் போன சரக்கு திரும்பி வந்துவிட்டது. எறாவில் ஏதோ மருந்து இருக்கிறதாம், அங்கே அது துளி இருந்தாலும் வாங்க மாட்டார்களாம். எறா வளர்க்கிற குட்டையில் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள், தீனியைப் பார்த்தார்கள், ஐஸைப் பார்த்தார்கள். எதிலும் இல்லை. கடைசியில் அங்கிருந்தே ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் இந்த ஷெட்டு எறாவையே இனி எடுக்க மாட்டோம் என்றாராம். அத்தனை பெண்களுக்கும் அதுதான் கஞ்சி.

எல்லோரையும் உரிக்கிற மேஜையோரமே வரிசையாக நிறுத்தி, கையில் ஏதாவது போடுகிறீர்களா என்று கூட வந்த அதிகாரி கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன்னைப் பார்த்தேன். உனக்கும் உறைத்திருந்தது. என் கை ஐஸ் பேசினுக்குள் இருந்தது. அதை எடுக்கவில்லை நான். நீ என் காலை உன் காலால் மிதித்துவிட்டு முன்னால் போனாய்.

"நாந்தான் சார். கேப்சூல் தூளு போட்டுகினேன். வேற யாரும் போடல" என்று கையை நீட்டினாய்.

அந்தம்மா உன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெதுவாக ஏதோ கேட்டார்.

"வலிக்குதான்னு கேக்கறாங்க" என்றார் அதிகாரி.

"இல்லன்னு சொல்லுங்க சார். இல்லாட்டி எதுக்கு உறை போடலன்னு அடுத்ததா கேப்பாங்க."

அதிகாரி சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அன்றைக்கே உன்னை நிறுத்திவிட்டார்கள். வாசல் வரை வந்தேன். "படகு குடுக்கறப்ப யாரும் என் கையப் பாக்கலடி. எறா வாங்கறப்ப பாக்கறாங்க" என்றாய். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "ஆனா வலிக்குதான்னு கேட்டது அந்தம்மா ஒருத்திதான். நம்மாளு எவன்டி கேட்டான்?" என்றாய். கோபமே இல்லை உன்னிடம். இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஷெட் பிழைத்தது. நல்ல உறை வந்தது. கையில் காயம் உள்ளவளை வீட்டுக்கு அனுப்பாமல் எடை போட உட்கார வைக்கச் சொல்லிப் புதுச் சட்டம் வந்தது. நீ படகு மீனைக் கூடையில் வைத்துச் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு வர ஆரம்பித்தாய். என்னைப் பார்த்தால் நாலு சங்கரா மீனைப் பையில் போட்டு, "அவருக்குக் கொழம்பு வையி, எலும்பு கூடும்" என்பாய். ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

போன மாதம் உனக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். அன்றைய விஷயத்தை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். கட்டிலில் பாதிகூட நீ இல்லை. "பாரு, இப்பதான் நெஜமாவே சிட்டாயிட்டேன்" என்றாய். "மூஞ்ச இப்பிடி வச்சிகினு ஏன்டி வந்த? போயி டீ வாங்கினு வா" என்று அனுப்பிவிட்டாய். வாங்கி வந்தேன். நீ தூங்கியிருந்தாய். இரண்டு நாளில் நீ போய்விட்டதாகச் சொல்லியனுப்பினார்கள்.

இப்போது ஷெட்டில் காலையில் கை பார்க்கிற வேலை எனக்கு. சின்னப் பெண்கள் எப்படியெல்லாம் விரலை மடக்கி மறைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? பிடித்து விரித்துப் பார்த்து எடைக்கு அனுப்புகிறேன். கத்துவார்கள். கத்தட்டும். நீ வாங்கிக் கொடுத்த வேலை இது, உனக்குக் கிடைக்காத வேலை.

ஒன்று மட்டும் எனக்குத் தெளியவே இல்லை. அன்றைக்கு நீ என் காலை மிதித்தபோது நான் வாயைத் திறந்துகொண்டிருந்தேன். 'என் கைக்குத்தான் போட்டாள்' என்று சொல்லத்தான் திறந்தேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சில நாள், அது நானே எனக்குச் சொல்லிக்கொண்டது என்று தோன்றுகிறது. என் முகத்தை அப்போது பார்த்தவள் நீ ஒருத்திதான். சொல்லேன், நான் பேச இருந்தேனா, இல்லையா?