படையலில் வைத்த என் படம்

சான் அந்தோனியோ,
நவம்பர் 4, 1986

அன்பு மகள் ஒதிலியாவுக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடு, சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை அதை முதலிலேயே எழுதவேண்டியதாகிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. சான் பிரான்சிஸ்கோவில் குளிர் எப்படி, வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு உட்காராதே.

நேற்றுக் காலை மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன், உன் ஞானத்தாய் எர்மீனியா கறுப்பு உடுத்தி, ஒரு பானை சோளமாவுத் தமாலேயோடு அழுதுகொண்டே வருகிறாள். என்னைப் பார்த்ததும் பானையைப் படியில் வைத்துவிட்டு, அடிப்பாவி யூலாலியா, நீ சாகலையா, உனக்குன்னு ஒரு ஜெபமாலை முழுசா சொல்லி முடிச்சுட்டேனே, அதை இனி எந்த ஆத்துமாவுக்குத் தள்ளிவிடறது என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் மகள் அங்கே உன் கலைக் கண்காட்சிக்குப் போயிருக்கிறாள். நீ செய்து வைத்த கல்லறைத் திருநாள் படையலில், சாமந்திப் பூவுக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் என் படத்தைப் பார்த்துவிட்டு ஃபோனில் சொல்லியிருக்கிறாள். உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் படையலில் யாராவது வைப்பார்களா? எர்மீனியாவைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்புறம் ஃபோனில் நீ சொன்னதை மூன்று தரம் யோசித்துவிட்டேன். செத்தது நீ இல்லம்மா, அந்தப் படத்துல இருக்கிற மெக்சிகோக்காரி, குடியுரிமை குடுக்கறேன்னு இந்த நாடு அவளைப் பறிச்சுக்கிச்சு, அதைத்தான் கேக்கறேன், இது அரசியல் என்றாய். தலைக்கு மேலே இரண்டு நாட்டுக் கொடியையும் கிழித்து ஒன்றாகத் தைத்திருக்கிறாயாம். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இந்த நாட்டில் குடியிருக்க வாங்கிய பச்சை அட்டைக்கு எடுத்த படம் அது, இருபத்திரண்டு வயசு எனக்கு. அவள் செத்துவிட்டாள் என்றால் உன்னைப் பெற்றது யார்? எல்லைக்கு அந்தப்பக்கம் போனால் என் அக்காவே, வாடி வெள்ளைக்காரி என்கிறாள். இந்தப்பக்கம் மளிகைக் கடையில், எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்கிறார்கள். நீயோ உன்னைச் சிக்கானா என்கிறாய், அமெரிக்காவில் பிறந்த மெக்சிகோக்காரி என்று அர்த்தமாம், எங்கள் காலத்தில் அது திட்டுகிற வார்த்தை. அப்பாவைக் கேட்டால், விடு யூலா, கலைன்னா அப்படித்தான், என் படத்தை வைக்கலையேன்னுதான் எனக்கு வருத்தம் என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்மேல் பெருமையும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, எது எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், அப்பாவுக்கும் தெரியாது, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. குடியுரிமை வாங்கிய அன்றைக்கு நீதிமன்றத்தில் வலது கையைத் தூக்கி எல்லோரும் கூட்டமாக உறுதிமொழி சொன்னோமே, பிறந்த நாட்டை விட்டுவிடுகிறேன் என்கிற இடம் வந்ததும் நான் வாயை மட்டும் அசைத்தேன். சத்தம் வரவில்லை. வேண்டுமென்றே செய்தேனா, தொண்டை அடைத்ததா, இன்றுவரை தெரியாது. அப்படியானால் நான் இந்த நாட்டுக்காரிதானா என்று குழம்பி, பல வருஷம் தபால்காரரைக் கண்டாலே, குடியுரிமையைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்துவிட்டதோ என்று பயப்படுவேன்.

குவாதலூபே மாதா உனக்கு நல்ல கையும் நல்ல புத்தியும் தரட்டும். மெழுகுவர்த்திப் பக்கம் போகும்போது முடியை முடிந்துகொள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிடாதே. அந்தப் பெண்ணை மட்டும் படையலிலிருந்து எடுத்து வேறெங்காவது வை மகளே, அவள் இன்னும் சாகவில்லை.

உன் அம்மா,
யூலாலியா